ஜாமெட்ரி பாக்ஸுக்குள் பத்து மைல்ட்ஸ்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அப்பா வாங்கித் தந்த ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. மூடியின் உள்பக்கம் வாய்ப்பாடு அச்சடித்த தாள், ஒரு மூலையில் துரு. காம்பஸும் டிவைடரும் தொலைந்து பல வருஷம் கழித்து, பெங்களூருவில் அது வேறு வேலைக்கு வந்தது. பத்து மைல்ட்ஸ் சிகரெட்டைப் படுக்கவைத்து, ஓரத்தில் லைட்டரும் இரண்டு ஹால்ஸும் வைத்தால் கச்சிதமாக மூடும். திறந்தால் பென்சில் சீவலும் புகையிலையும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் ஸ்டேஷனரி கடைக்குள் நுழைந்தால் எனக்கு நெஞ்சுக்குள் லேசாக ஏதோ இழுக்கும்.

அந்தப் பெட்டி வேலைக்கு வந்தது 2016 ஏப்ரலுக்கு அப்புறம். அதுவரை சிகரெட் பாக்கெட்டின் முன்பக்கத்தில் 40 சதவீதம்தான் எச்சரிக்கை. 2009 மே 31 முதல் வந்த அந்தப் படங்கள் மங்கலாக, ஏதோ ஜெராக்ஸ் எடுத்த நுரையீரல் மாதிரி இருக்கும். யாரையும் பயமுறுத்தியதாக எனக்கு நினைவில்லை. 2016 ஏப்ரல் 1 முதல் முன்னும் பின்னும் 85 சதவீதம். தொண்டையில் புண்ணோடு ஒரு கழுத்து. டொம்லூர் காண்டிமெண்ட்ஸில் சேட்டன் பாக்கெட்டை நீட்டுவார். நான் அங்கேயே நின்று சிகரெட்டுகளைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, காலி அட்டையைக் கசக்கி அவருடைய குப்பைக் கூடையிலேயே போடுவேன். (பெங்களூரு தெரியாதவர்களுக்கு: இங்கே காண்டிமெண்ட்ஸ் என்றால் டீ, பப்ஸ், சிகரெட், மொபைல் ரீசார்ஜ் எல்லாம் கிடைக்கிற கடை. ஊறுகாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

யாராவது கேட்டால், "அந்தப் படம் என்னை ஒண்ணும் பண்ணாது. சும்மா அசிங்கமா இருக்கு, அதான்" என்பேன்.

நான் 2010இலிருந்து 2021 வரை புகைத்தவள். பாளையங்கோட்டைக்காரி. பெங்களூருக்கு வந்து ஒரு வருஷத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் அது. அந்தப் பதினொரு வருஷத்தில் எத்தனையோ பேர் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோக்காரர், வீட்டுக்கார ஆன்ட்டி, டீம் லீட், ஒருமுறை அல்சூர் ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த முன்பின் தெரியாத பெரியவர். இதில் ஒரு விசேஷம் உண்டு. நான் தமிழ் என்று தெரிந்துவிட்டால் அறிவுரை இன்னும் நீளும். "ஏம்மா, தமிழா நீ? நல்ல எடத்துப் பொண்ணு மாதிரி இருக்கியேம்மா." அந்த ஆட்டோக்காரரின் அப்பா இங்கே ஒரு சிகரெட் பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். அதையும் அவரே சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.

கவனித்தீர்களா, இதில் நுரையீரல் எங்கேயும் வரவில்லை. என் பக்கத்தில் நின்று புகைத்த ஆண்களிடம் "உடம்பு கெட்டுடும்டா" என்பார்கள். என்னிடம் வந்ததெல்லாம் குடும்பம், கல்யாணம், குழந்தை. இரண்டு வாரமாக இருமல் விடவில்லை என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். புகைப்பேன் என்று உண்மையைச் சொன்னேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும் முன்பே, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். வெளியே வந்து மருந்துக் கடைக்குப் போகும் முன் பெட்டியைத் திறந்தேன். இருமிக்கொண்டே ஒன்று பிடித்தேன். புத்திசாலித்தனம் இல்லைதான். ஆனால் அந்த நேரத்தில் அது சிகரெட்டே இல்லை, பதில்.

ஜாக் பிரம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் இதற்கு ஒரு கோட்பாடே எழுதியிருக்கிறார். 'ரியாக்டன்ஸ்' என்று பெயர். நமக்கு இருக்கிற ஒரு சுதந்திரத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்று தோன்றினால், அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள மனம் முறுக்கிக்கொள்ளும். விலக்கப்பட்ட பொருள் முன்பைவிட ருசியாகத் தெரியும். தமிழில் நமக்குக் கோட்பாடெல்லாம் தேவையில்லை. வீம்பு என்ற ஒரே சொல் போதும். 1970களின் தொடக்கத்தில் மயாமியில் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைத் தடைசெய்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் போய்க் கேட்டபோது, தடை இல்லாத டாம்பா நகரத்துப் பெண்களைவிட மயாமிப் பெண்கள்தான் அந்தத் தூளை உசத்தியாகப் பேசினார்கள். சலவைத்தூளுக்கே இந்தக் கதி என்றால் நிக்கோட்டினுக்கு என்ன ஆகும்?

என் வீம்பின் உச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும், யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்தேன். நாலாம் நாள். கை நடுக்கம், எல்லார் மேலும் எரிச்சல், ராத்திரி தூக்கமில்லை. சாயங்காலம் சேட்டன் கடையில் டீ மட்டும் வாங்கிக்கொண்டு நின்றேன். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது, விரல்களுக்கு வேறு வேலை தெரியாததால். எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டாம் மாடித் தமிழ் மாமா பால் பாக்கெட்டோடு வந்தார். என் கையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். "அட, இன்னிக்கு சிகரெட் இல்லையா? நல்லது, நல்லது. நானே உங்க அம்மா வந்தா சொல்லணும்னு இருந்தேன்."

அவர் திட்டவில்லை, பாராட்டினார். அதுதான் தாங்கவில்லை. நான் நாலு நாள் தனியாகப் பட்ட பாட்டை, ஒரே வாக்கியத்தில் அவருடைய கண்காணிப்பின் வெற்றியாக்கிவிட்டார். டம்ளரை மேடையில் வைத்தேன். "சேட்டா, ஒரு மைல்ட்ஸ்." கடையில் கயிற்றில் தொங்குகிற லைட்டரை இழுத்து, அவர் முகத்துக்கு நேராகவே பற்றவைத்தேன். நாலு நாள் தவம் நாலு நொடியில் போனது. மாமா தலையை ஆட்டிக்கொண்டே போனார். அதற்கப்புறம் ஏழு வருஷம் நான் நிறுத்திப் பார்க்கவே இல்லை.

அந்த ஏழு வருஷமும் நான் சொல்லிக்கொண்ட வாக்கியம் 'என் உடம்பு, என் இஷ்டம்.' அதில் பாதி உண்மை இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பெண் புகைத்தால் ஊரே நீதிபதியாகிவிடுகிற நாட்டில், கடை வாசலில் நின்று புகைப்பது ஒருவிதத்தில் இடம் பிடிப்பதுதான். மீதிப் பாதிதான் இடிக்கிறது. 1929இல் ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூ ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிய சிகரெட் பற்றவைத்தார்கள். 'சுதந்திரத் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயர். ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர். பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி, லக்கி ஸ்ட்ரைக் விற்றவர்கள். அதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. என் சொந்தச் சரக்கு என்று நினைத்திருந்த கலகத்தை யாரோ ஒரு கம்பெனி நான் பிறக்கும் முன்பே வாங்கி வைத்திருந்தது. இன்றைக்கும் இந்தத் தொழில் எந்த நாட்டில் கட்டுப்பாடு வந்தாலும் முதலில் எடுக்கிற கேடயம், 'வயது வந்தவரின் தேர்வு' என்பதுதான்.

தேர்வு! நிக்கோட்டின் ஒரு இழுப்பில் பத்து இருபது நொடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. சிகரெட் கிடையாது. டொம்லூரில் ஒருவர் ஷட்டரை ஒரு சாண் தூக்கி, முப்பது ரூபாய்க்கு ஒன்று என்று விற்றார். மூன்றாவது நாள் நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, போலீஸ் நிற்காத சந்து எது என்று பார்த்துப் பார்த்துப் போய், அந்த ஒரு சாண் இடைவெளிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து பணத்தை நீட்டினேன். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வந்தது. இரண்டாம் மாடி மாமா முன்னால் நிமிர்ந்து நின்றவள் அங்கே ரோட்டில் குந்தியிருந்தேன். இதுவும் என் இஷ்டம்தானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, அப்படியானால் பாக்கெட்டில் படம் போடுவதே வீண் வேலையா? ரொம்ப நாள் அப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். 2017 டிசம்பரில் இங்கே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த 85 சதவீத விதியை ரத்து செய்தபோது, ஆபீஸில் டீ வாங்கிக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்துவிட்டது, கழுத்துப்படம் அப்படியே இருந்தது.

எண்கள் என் கட்சியில் இல்லை. 2016-17இல் நாடு முழுக்க எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், சிகரெட் பிடிப்பவர்களில் 61.9 சதவீதம் பேர் பாக்கெட்டில் உள்ள எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்னார்கள். பீடி பிடிப்பவர்களில் 53.8. யோசிப்பது வேறு, விடுவது வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அமெரிக்காவில் 2,149 பேரை வைத்து, பாதிப்பேர் பாக்கெட்டில் படமும் மீதிப்பேர் பாக்கெட்டில் வெறும் எழுத்தும் ஒட்டி நாலு வாரம் பார்த்தார்கள். 2016இல் வெளியான ஆய்வு. படம் ஒட்டியவர்களில் 40 சதவீதம் பேர் ஒருமுறையாவது விட்டுப் பார்த்தார்கள், எழுத்து மட்டும் பார்த்தவர்களில் 34. மலையளவு வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தியாவில் புகையிலை பயன்படுத்துபவர்கள் சுமார் 26.7 கோடி. அந்தக் கூட்டத்தில் ஆறு சதவீதம் சின்ன எண் கிடையாது.

என்னை மடக்கியது கனடா ஆய்வு ஒன்று. உலகத்தில் முதலில் பாக்கெட்டில் படம் போட்ட நாடு அது. அங்கே பலர் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மூடினார்கள், வேறு டப்பாவுக்கு மாற்றினார்கள். அப்படி ஒளித்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக விட முயன்றார்களா என்றால், இல்லை. அதைப் படித்தபோது என் ஜாமெட்ரி பாக்ஸ் மேஜையில் இருந்தது. என்னை ஒன்றும் செய்யாத ஒரு படத்துக்காகப் பழைய தகர டப்பாவைத் தேடி எடுத்து, துரு துடைத்து, தினமும் பத்துச் சிகரெட்டை ஒவ்வொன்றாக எதற்கு அடுக்கினேன்?

பாக்கெட்டே பார்க்காதவர்கள் கதை வேறு. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் வாங்குவது ஒன்று, இரண்டு. கர்நாடகம் 2017இலேயே சில்லறையாக விற்பதைத் தடைசெய்துவிட்டது. அந்தச் செய்தியை நான் படித்ததே, சில்லறையாக வாங்கிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு. 85 சதவீதமா 40 சதவீதமா என்று கோர்ட்டில் அடித்துக்கொண்ட அட்டை, சேட்டனின் கல்லாவுக்குப் பின்னால் அவரைப் பார்த்தபடி இருக்கும். பாவம், அவர் புகைப்பதில்லை.

என் எண்ணிக்கையை முதலில் குறைத்தது படமும் இல்லை, மாமாவும் இல்லை. லிஃப்ட். ஆபீஸ் ஒன்பதாவது மாடிக்கு மாறியது. 2008 அக்டோபர் 2 முதலே பொது இடங்களில் புகைக்கக்கூடாது என்று சட்டம். பழைய கட்டடத்தில் மாடிப்படி ஓரத்தில் ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். புதுக் கட்டடத்தில் கேட்டுக்கு வெளியே போக வேண்டும். லிஃப்டுக்குக் காத்திருந்து, இறங்கி, நடந்து, திரும்பி வர இருபது நிமிஷம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, தானாக ஏழு ஆனது. எனக்குக் கோபமே வரவில்லை. லிஃப்ட் மேல் யாருக்கு வீம்பு வரும்? அது என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, என் அம்மாவிடம் சொல்லப்போவதாகவும் மிரட்டவில்லை. 2025இல் கர்நாடகம் சிகரெட் வாங்கும் வயதை 21 ஆக்கியபோது, இது தனிமனித உரிமையில் தலையீடு என்று நண்பன் ஒருவன் பொங்கினான். என்னால் சேர்ந்து பொங்க முடியவில்லை. பத்தொன்பது வயசில் எடுக்கிற அந்த ஒரு முடிவு, அப்புறம் எடுக்கிற எல்லா முடிவுகளையும் விழுங்கிவிடும் என்றால், எந்த உரிமையைக் காப்பாற்றுகிறோம் என்று கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏழிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது வேறு வழி.

2018 செப்டம்பர் முதல் பாக்கெட்டில் படத்தோடு ஒரு இலவசத் தொலைபேசி எண்ணும் வருகிறது: 1800-11-2356. நான் அட்டையைத் தூக்கிப்போடுகிறவள், அதனால் ரொம்ப நாள் கண்ணில் படவில்லை. 2021 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கசக்கிய அட்டை கூடைக்கு வெளியே விழுந்து பிரிந்து கிடந்தது. அழைத்தேன். உண்மையைச் சொன்னால் விடுவதற்காக இல்லை, சண்டை போடுவதற்காக. வரப்போகும் உபதேசத்துக்குப் பதிலெல்லாம் தயாராக இருந்தது. தமிழில் பேசலாமா என்று கேட்டேன். ஒரு பெண் குரல் வந்தது.

"விடணுமா, வேண்டாமாங்கிறது உங்க முடிவுங்க. நான் எதுவும் சொல்லப்போறதில்ல. ஒண்ணு ரெண்டு கேக்கலாமா?"

எனக்கு அடுத்த வசனம் மறந்துபோனது.

"காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?"

ஐந்து நிமிஷத்துக்குள்ளே. (அப்புறம்தான் தெரிந்தது, இது நிக்கோட்டின் பிடி எவ்வளவு என்று அளக்க ஃபாகர்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன்காரரின் பெயரில் உள்ள சோதனையின் முதல் கேள்வி. ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் முழுமார்க்.) அடுத்து, "சிகரெட் உங்களுக்கு என்ன குடுக்குது?" என்றார். பதினொரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. யோசித்துவிட்டுச் சொன்னேன். அஞ்சு நிமிஷம். யாரும் எதுவும் கேட்காத அஞ்சு நிமிஷம். ஒரு பெண் சும்மா ரோட்டோரம் நின்றால் யாருக்குக் காத்திருக்கிறாய் என்பார்கள். கையில் சிகரெட் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தப் பக்கம் "ம்" என்றார். அது தப்பு என்றோ, பாவம் என்றோ சொல்லவில்லை.

"விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"நாலு." வேண்டுமென்றே குறைத்துத்தான் சொன்னேன்.

"ஏன் நாலு? ஏன் ஒண்ணு இல்ல?"

ஏன் ஒன்பது இல்லை என்று கேட்பார் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதில் இருந்தது. ஏன் ஒன்று இல்லை என்றதும் நானே பேச ஆரம்பித்தேன். மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, அந்த ஷட்டர், குந்தி உட்கார்ந்தது, அப்பாவின் ஸ்டென்ட். ஐந்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. விட வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தது நான். அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இது தற்செயல் இல்லை, ஒரு முறை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் குடிநோயாளிகளோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து 1983இல் எழுதிவைத்தது. எதிரில் இருப்பவரோடு மல்லுக்கட்டாதே, அவருடைய காரணங்களை அவர் வாயாலேயே சொல்லவிடு. பிரான்சில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சின்ன ஆய்வும் உண்டு. தெரியாதவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டார்கள். பத்துப் பேரில் ஒருவர் கொடுத்தார். 'கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்' என்று ஒரு வாக்கியம் சேர்த்துக் கேட்டபோது 47.5 சதவீதம் பேர் கொடுத்தார்கள். எனக்கு இதைப் படித்ததும் சின்ன உறுத்தலும் வந்தது. என் சுதந்திரத்தை ஞாபகப்படுத்துவதும் ஒரு உத்திதான் என்றால், பெர்னேஸ் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒன்று தெரிகிறது. அவருக்கு நான் அடுத்த பாக்கெட் வாங்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு நான் திரும்ப அழைக்கத் தேவையில்லாமல் போக வேண்டும். அதற்குமேல் எனக்கு விளங்கவில்லை.

விட்டது ஒரே நாளில் நடக்கவில்லை. நிக்கோட்டின் சூயிங்கம், இரண்டு சறுக்கல், ஜூன் மாதம் ஒரு கல்யாண வீட்டு மொட்டைமாடி. அதையெல்லாம் எழுதினால் உங்களுக்கும் அலுப்பு, எனக்கும் அலுப்பு. அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போதும் சேட்டன் கடை வாசலில் டம்ளரோடு சும்மா நிற்பேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் சிசர்ஸ் பிடித்தவர். முப்பது வருஷமும் அம்மா திட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் அம்மா பேச்சை எடுத்தால், பாதிச் சாப்பாட்டில் கைகழுவிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். அறுபத்தோரு வயதில் நெஞ்சுவலி, ஸ்டென்ட். அன்றோடு நிறுத்தினார். ஐ.சி.யூ.வில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு என்னிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "டாக்டர் சொல்லி இல்ல, உங்கம்மா சொல்லியும் இல்ல பாத்துக்க. நானா விட்டுட்டேன்."

அம்மாவுக்கு என் பழக்கம் தெரியும். ஒருமுறை பெங்களூரு வந்திருந்தபோது, ஊசி நூல் தேடுகிறேன் என்று ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்துவிட்டாள். நான் அடுப்படி வாசலில் உறைந்து நின்றேன். உள்ளே பார்த்தாள். மூடினாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள். "உங்கப்பா டப்பால எல்லாம் வைக்க மாட்டாவ. சட்டைப் பைதான்" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவிடம் முப்பது வருஷப் பேச்சையும் செலவழித்துவிட்டாளோ என்னவோ.

ஆறு மாதம் தாண்டியதும் போனில் சொன்னேன்.

"அம்மா, நான் விட்டுட்டேன்."

"என்னத்தட்டி?"

"அதான். டப்பால இருந்தது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டிவி ஓடுவது கேட்டது.

"யாரு சொல்லி விட்ட?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான்."

போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கூடத்துப் பக்கம் அவள் குரல் கொடுப்பது கேட்டது. "இங்கேருங்க, கேட்டியளா? இவளும் தானா விட்டுட்டாளாம்."